பதினாலாம் குழியில் ஐந்தாவது அடி

நான் ஒருநாளும் கோல்ஃப் விளையாடியதில்லை. ஆனால் தொண்ணூறுகளில் மூன்றரை வருடம் ஒரு கோல்ஃப் வீராங்கனையின் வலது கையாக இருந்தேன். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்துபோயிருந்தது. சட்டைக்குப் பொத்தான் போடுவது, இறைச்சியைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் என் கை.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள். ரொறொன்ரோவுக்கு வந்த பிறகு அந்த அனுபவத்தை யாரும் கேட்கவில்லை. முதியவர்களைப் பராமரிக்க ஆறு மாதம் படித்தேன். படித்து முடிந்த கிழமையே ஒரு முகவர் நிலையம் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது. வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்றுக்கு முன்னால் பஸ் ஏறி, கிங்ஸ்ரன் ரோட்டில் இறங்கி, ஏரிப் பக்கமாகப் பத்து நிமிடம் நடக்கவேண்டும். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை வேலை.

அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. உயரமானவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. முதல்நாள் குளிக்க வார்த்தபோது நான் கவனித்தது அவருடைய கைகளை. இடது கை வெள்ளை வெளேரென்று சுருக்கம் குறைவாக இருந்தது. வலது கை வெயிலில் கறுத்து, புள்ளி விழுந்து, தோல் தடித்துக் கிடந்தது. இரண்டும் வெவ்வேறு ஆட்களின் கைகள் போல. பக்கவாதம் செய்த வேலை என்று நினைத்துக் கேட்டேன். இல்லையாம். கோல்ஃப் ஆடுகிறவர்கள் இடது கைக்கு மட்டும்தான் உறை போடுவார்களாம். நாற்பது வருட வெயில் ஒரு கையில் மட்டும் விழுந்திருக்கிறது.

அப்படித்தான் அவர் யார் என்று எனக்குத் தெரியவந்தது. பக்கவாதம் அவருடைய பேச்சையும் தொட்டிருந்தது. சொற்கள் வரும், ஆனால் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரும். அதனால் அவருடைய வாழ்க்கையை நான் மாதக்கணக்கில் கேட்டேன். பெரும்பாலும் கைப்பயிற்சி செய்யும் நேரத்தில். மென்மையான ஒரு ரப்பர் பந்தை விழுந்துபோன கைக்குள் வைத்து, விரல்களை மடக்கி விரித்துக்கொண்டு நான் இருப்பேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லுவார்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளம் விளையும் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். தகப்பன் ஊர்க் கோல்ஃப் மைதானத்தின் காவலாளி. ஒன்பது குழிகள்தான். தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் குழியைச் சுற்றிப் புல் வளர்க்க முடியாது. மணலைக் கொட்டி, தூசி பறக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி வைத்திருப்பார்களாம். ஒருவர் ஆடி முடிந்ததும் கால்தடங்கள் போக ஒரு மரச்சட்டத்தை இழுத்து மணலைச் சமப்படுத்தவேண்டும். அந்த வேலையைத்தான் அவர் எட்டு வயதில் செய்தார். யாரும் இல்லாத நேரத்தில் தானும் ஆடிப் பழகினார். மணலில் பந்து நேராகப் போகும், புல்லில் அது தன் இஷ்டத்துக்குப் போகும் என்று சொன்னார். கடைசிவரைக்கும் தனக்குப் புல்லில் நம்பிக்கை வரவில்லையாம்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையில் தகடுகளுக்கு ஆணி அறைந்தார். யுத்தம் முடிந்ததும் அந்த வேலை ஆண்களுக்குத் திரும்பிப் போய்விட்டது. அப்போது கோல்ஃபைத் தொழிலாக ஆடப் புறப்பட்ட பெண்கள் சிலர் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடத் தொடங்கியிருந்தார்கள். இவரும் போய்ச் சேர்ந்தார். நான்கைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மட்டைகள் பின்னால், உடுப்புகள் ஆசனத்தில். ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் கோடு கீறுவதும் அவர்கள்தான், கயிறு கட்டுவதும் அவர்கள்தான், யாரோடு யார் ஆடுவது என்று பட்டியல் போடுவதும் அவர்கள்தான். ஆட்டத்தில் பிணக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லும் குழுவும் அவர்களிலேயே மூன்று பேர். ஆட்கள் வந்து பார்க்கவேண்டும் என்பதற்காக முதல்நாள் கடைத்தெருவில் நின்று பந்தடித்துக் காட்டுவார்களாம்.

இவருடைய காரில் ஒரு சிநேகிதி இருந்தார். இவர் ஓட்டுவார், சிநேகிதி வரைபடம் பார்த்து வழி சொல்லுவார். ஏழு வருடம் அப்படி ஓடியிருக்கிறார்கள். சிநேகிதி சின்ன உருவம், பந்தைத் தூரமாக அடிக்க மாட்டார், ஆனால் குழிக்குக் கிட்டப் போய்விட்டால் தவறவிடவும் மாட்டார். இரண்டு பேரையும் ஒட்டிவைத்தால் ஒரு நல்ல ஆட்டக்காரி வருவாள் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்களாம்.

அந்த ஏழு வருடத்தின் கடைசிப் பகுதியில் இவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. பந்தை இருநூறு யார் தூரம் அடிக்கும்போது நடுக்கம் இல்லை. குழிக்கு இரண்டடி தூரத்தில் நின்று தட்டும்போதுதான் நடுக்கம். வைத்தியத்துக்கு அது பிடிபடவில்லை. ரொறொன்ரோவில் ஒரு கழகம் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடியது என்று வந்தார். வந்த இடத்தில் ஒரு பல்வைத்தியரைக் கலியாணம் செய்து நின்றுவிட்டார். இருபது வருடம் அந்தக் கழகத்தில் பழக்கினார். சனிக்கிழமை காலைகளில் பெண்கள் அங்கே ஆடக்கூடாது என்று ஒரு விதி இருந்ததாம். பயிற்சி கொடுப்பவருக்கும் அதே விதிதான். சனிக்கிழமைகளில் தோட்டவேலை செய்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எனது இரண்டாவது வருடத்தில் ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் ஒரு பத்திரிகைக்காரர் அந்தக் காலத்துப் பெண் ஆட்டக்காரர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். இவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, சரிபார்த்துத் தரச்சொல்லி அனுப்பியிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். அதில் நாலு போட்டிகளில் வெற்றி என்று இருந்தது. எந்த எந்த ஊர் என்றும் இருந்தது.

"மூன்று," என்றார்.

நான் ஊர்ப் பெயர்களைத் திரும்ப வாசித்தேன். நாலாவதை வாசித்ததும் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். அதை வெட்டி, மூன்று என்று எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு கிழமையில் பத்திரிகைக்காரரிடமிருந்து மரியாதையான ஒரு பதிலும், பழைய பத்திரிகைத் துண்டின் பிரதியும் வந்தன. துண்டில் தொப்பியோடு இவருடைய படம், கையில் கோப்பை. அதைப் பார்த்துவிட்டு அன்று பயிற்சி வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் தொடங்கி மூன்று நாளாக அந்தக் கதையைச் சொன்னார்.

கோல்ஃபில் ஒருவர் எத்தனை அடி எடுத்தார் என்பதை அவரோடு ஆடும் மற்றவர் எழுதவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண், மொத்தம் குறைந்தவர்தான் வெல்வார். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் அந்த அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பார். கையெழுத்து வைத்த பிறகு, ஏதாவது ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைந்த எண் எழுதியிருந்தால் அவரை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்ற கேள்வியே இல்லை.

அந்தப் போட்டியின் கடைசி நாள் மழை. இவரும் சிநேகிதியும் ஒன்றாக ஆடினார்கள், வெல்லக்கூடிய இடத்தில் வேறு யாரும் இல்லை. பதினாலாம் குழியில் சிநேகிதியின் பந்து முதல் அடியிலேயே ஒரு மரத்தின் வேருக்குள் போய்க் கிடந்தது. அவர் வீசிய மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து ஒரு சாண்கூட நகரவில்லை. அதுவும் ஒரு அடிதான் கணக்கு. பிறகு வெளியே எடுத்து, கிட்டக் கொண்டுபோய், உள்ளே தட்டினார். மொத்தம் ஐந்து. இவர் நாலு என்று எழுதினார்.

கடைசிக் குழி முடிந்து அட்டையைக் கூட்டியபோது சிநேகிதி ஒரு அடியால் முன்னால். கையெழுத்து வைத்தாயிற்று. ஐந்து என்று எழுதியிருந்தால் இரண்டு பேரும் சமம், அடுத்த நாள் காலை இருவரும் திரும்ப ஆடி முடிவு காணவேண்டும். கோப்பையை மேசையில் கொண்டுவந்து வைத்த நேரம், பார்வையாளராக நின்ற ஒரு பெண்மணி விதிக்குழுவிடம் வந்து, வேருக்குள் நடந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். குழு என்பது கூட ஆடும் பெண்களில் மூன்று பேர். அவர்கள் இவரைத் தனியே கூப்பிட்டு, பதினாலில் அவள் எத்தனை எடுத்தாள் என்று கேட்டார்கள்.

"நான் விரலை மடக்கி எண்ணினேன்," என்றார். "ஐந்து என்று சொன்னேன்."

சிநேகிதியை நீக்கினார்கள். கோப்பை இவருக்கு வந்தது. படம் எடுத்தார்கள். அடுத்த நாள் அதே காரில் இரண்டு பேரும் எட்டு மணித்தியாலம் அடுத்த ஊருக்கு ஓடினார்கள். எங்கே திரும்புவது என்று சிநேகிதி வழி சொன்னார். அதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. பிறகும் இரண்டு வருடம் ஒன்றாகப் போனார்கள். பிரிந்த பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், வாழ்த்து அட்டை வரும், போகும். அதில் காலநிலை பற்றி எழுதியிருக்கும். நாற்பது வருடமாக அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

அவரை அரித்தது அவர் வென்றது அல்ல. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு கேட்டவுடன் ஐந்து என்று சரியாக எண்ண முடிந்த தனக்கு, அந்த இடத்தில் நிற்கும்போது ஏன் எண்ண முடியாமல் போனது என்பதுதான். மழையாலா? தன் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாலா? இல்லாவிட்டால் உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் எழுதினாரா?

இதை நான் வீட்டில் என் கணவருக்குச் சொன்னேன். அவர் அப்போது ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. ஊரில் கழகத்துக்குக் கரப்பந்து ஆடினவர்.

"அப்ப உவ தெரிஞ்சே எழுதினவ?" என்று கேட்டார்.

"அவவுக்கே தெரியாதாம்."

"அவவுக்கே தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

ஒரு கிழமை கழித்து அந்த அம்மா என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். சிநேகிதி அப்போது அமெரிக்காவின் தெற்கே ஒரு வெயில் ஊரில் பூங்கன்று விற்கும் தோட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை சொன்னது மூன்று பக்கம் போனது. கார், மோட்டல், மழை எல்லாம் வந்தன. வாசித்துக் காட்டியதும் கிழிக்கச் சொன்னார். கச்சேரியில் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிப் பழகியவள் நான், கிழிப்பதும் எனக்குப் பழக்கம். இரண்டாவது கடிதம் நாலு வசனம்தான். பதினாலாம் குழியில் நீ ஐந்து எடுத்தாய். நான் நாலு எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வெற்றி என்னுடையது அல்ல.

கீழே தானே இடது கையால் பெயரை எழுதினார். எழுத்துகள் மேலும் கீழும் ஆடின. நான் தபாலில் போட்டேன்.

மூன்று கிழமை பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரம் அவர் முன்னறைக் கதிரையில் இருப்பார், கேட்க மாட்டார். நானும் கையில் இருப்பதை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பேன், மின்சார பில்லை உட்பட. நாலாவது கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. தட்டச்சில் இரண்டு பக்கம். அவருக்கு முன்னால் இருந்து வாசித்தேன்.

சிநேகிதி எழுதியிருந்தது இதுதான். கையெழுத்து வைக்கும் மேசைக்கு நடந்து வரும்போதே பதினாலில் ஐந்து என்று அவர் எண்ணி வைத்திருந்தார். அட்டையைப் பார்த்தபோது நாலு இருந்தது. அவர் அதைக் கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்தார். கைகள் நடுங்கத் தொடங்கியிருந்த இந்த அம்மா, திரும்ப ஒருநாள் ஆட விருப்பமில்லாமல், தனக்கு விட்டுத் தந்திருக்கிறார் என்று நினைத்தாராம். அது ஒரு அன்பளிப்பு என்று நினைத்தாராம். பிறகு குழு கேட்டதும் இவர் ஐந்து என்று சொன்னபோது, கொடுத்ததை எல்லோர் முன்னாலும் பறித்ததுபோல இருந்ததாம். எட்டு மணித்தியாலமும் காருக்குள் அதை நினைத்துக்கொண்டு வந்தாராம். இரண்டு நாள் கழித்துத்தான், பிழை தன்னுடையது என்று விளங்கியதாம். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பதை வாசிக்க வெட்கமாக இருக்கிறது என்று கடிதம் முடிந்திருந்தது.

திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் நினைத்தது, அவருக்குப் பாரம் இறங்கும் என்று. அவருடைய முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"நான் அவளுக்காகப் பொய் எழுதினேன் என்று நினைத்திருக்கிறாள்," என்றார். "என்னை அப்படி ஒருத்தி என்று."

நான் சமையலறையில் சூப்பைச் சூடாக்கினேன். குடித்து முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீர் என்றால் கையெழுத்து வைத்திருப்பீரா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். அது உண்மை இல்லை. நான் வைத்தவள்தான்.

எங்கள் அகதி விசாரணையில், இராணுவம் என் கணவரை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனது என்று நான் தமிழில் சொன்னேன். மொழிபெயர்த்தவர் மூன்று தடவை என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேண்டுமென்று சொன்னவர் அல்ல, நாக்குத் தவறியிருக்கும். எனக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கு விளங்கியது. திருத்தவேண்டும் என்று வாய் திறந்தேன். எதிரே இருந்தவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மூன்று என்றால் இன்னும் நல்லது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த என் கணவருக்கு அது பிடிபடவில்லை. அவருக்கும் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் கைப்பயிற்சியின்போது இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். இந்த நாட்டில் நான் இதை முதன்முதலாகச் சொன்னது அவருக்குத்தான். அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"உண்மையில் எத்தனை தடவை?"

"இரண்டு."

"இரண்டே போதும்," என்றார்.

அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை. அன்று பின்னேரம் என் கணவருக்கும் சொன்னேன். அவர், மூன்றாவது தடவையும் தேடித்தான் வந்தவங்கள், தான் வீட்டில் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமையே அந்த அம்மா சிநேகிதியை ரெலிபோனில் கூப்பிட்டார். இலக்கங்களை நான் அழுத்திக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுக்கை விரிப்பை மாற்றினேன். இறங்கி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் மெதுவாகத்தான் பேச முடியும், அந்தப் பக்கம் காத்திருந்திருக்க வேண்டும். நான் கேட்ட அளவில், ஏதோ ஒரு ஊரில் வழி தவறி யாரோ ஒருவருடைய மாட்டுப் பட்டிக்குள் காரை விட்ட கதை. அந்தத் திருப்பத்தை யார் பிழையாகச் சொன்னது என்று வாதாடினார்கள். சிநேகிதி விட்டுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. இவர் சிரித்தார். நான் அவர் சிரித்து அதற்கு முன் கேட்டதில்லை, ஒரு பக்க வாயால் சிரிப்பது அவருக்குக் கஷ்டம்.

ரெலிபோனை வைத்த பிறகு, பத்திரிகைக்காரருக்கு இதைச் சொல்லலாமா என்று சிநேகிதியிடம் கேட்டதாகச் சொன்னார். வேண்டாம் என்று பதிலாம். வெட்கத்தால் அல்ல, அது அவர்கள் இருவருடைய விஷயம் என்பதால். இவரும் சம்மதித்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் பத்திரிகைக்காரர் நேரே வந்தார். நாகரிகமான மனுஷன், எனக்கும் சேர்த்துக் கேக் வாங்கி வந்தார். இரண்டு மணித்தியாலம் கேட்டார். மணல் மைதானம், தொழிற்சாலை, கார்கள் எல்லாம் எழுதிக்கொண்டார். நாலாவது வெற்றியைப் பற்றிக் கேட்டபோது, மூன்று என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. காரணம் கேட்டார். சொல்லவில்லை. பத்திரிகைக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தபோது அதில் நாலு என்றுதான் இருந்தது. வயதானவர், பக்கவாதம் வேறு, மறந்துபோயிருப்பார் என்று பத்திரிகைக்காரர் நினைத்திருக்கலாம். நான் திருத்தச்சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தெரியவேண்டியவளுக்குத் தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் பேசினார்கள் என்று திங்கட்கிழமைகளில் அவர் சொல்லும் செய்திகளிலிருந்து தெரிந்துகொண்டேன். எந்தப் பூங்கன்றுக்குப் பூச்சி பிடித்தது, யாருக்கு முழங்கால் நோகிறது. ஒன்றரை வருடம் அப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை நான் போனபோது செய்தி இல்லை. புதன்கிழமை சிநேகிதியின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்துவிட்டாராம். நான்தான் எடுத்தேன், நான்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மத்தியானச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார். இறைச்சியை வெட்டிக் கொடுத்தபோது, இன்னும் சின்னதாக வெட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இரண்டாவது பக்கவாதம் வந்தது. கணவரின் சகோதரர் மகன் வந்து வீட்டை விற்று, அவரைப் பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு தடவையும் அவருக்குப் பேச்சு இல்லை, ஆனால் நான் விரல்களை மடக்கி விரித்தபோது கையைத் தந்தார். மூன்றாவது தடவை நித்திரையாக இருந்தார். எழுப்பவில்லை. வசந்தம் தொடங்கும்போது இறந்தார்.

முகவர் நிலையம் என்னை வோபர்னிலேயே ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. எங்கள் அப்பார்ட்மென்றிலிருந்து நடந்தே போகலாம். எண்பத்திரண்டு வயது மனிதர், கண் தெரியாது, ரேடியோவில் செய்தி மட்டும் கேட்பார். இளமையில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒருநாளும் சொல்லவில்லை.